செட் ஆச்சா? வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றி வந்தன: ‘செட்’. கொத்தனாரும் வக்கீலும் வள்ளக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பொருளில். ஆகவே இந்த முறை இடம் முழுக்க அதற்கே.

கேள்வி: ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’ என்று பள்ளியில் படித்தேன். ‘ரன்’தான் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி? (வாசகர், தக்கலை)

பதில்: நீங்கள் படித்த காலத்துக்கு நீங்கள் சரி. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள். அந்த ஒரு பதிவே ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளம், ஒரு நாவல் அளவு. பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டே வந்தவர்கள் ‘ரன்’ வினைச்சொல்லுக்கு 645 பொருள் கண்டார்கள். எந்திரம் ஓடுவது, மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது எல்லாம் அதற்குள் அடங்கும். இன்றைய கணக்குக்கு மகள் சரி.

எண்ணிக்கையை விட உபயோகமான தகவல் ஒன்று உண்டு. இன்றைய ‘செட்’டுக்குள் இரண்டு பழைய சொற்கள் கிடக்கின்றன. ஒன்று பழைய ஆங்கில ‘செட்டன்’, அதாவது உட்கார வை. ‘சிட்’ என்றால் தானே உட்கார்வது, ‘செட்’ என்றால் இன்னொன்றை உட்கார்த்துவது. தமிழில் இரு – இருத்து, அமர் – அமர்த்து என்று தன்வினையைப் பிறவினை ஆக்குகிறோமே, அதே வேலை. ஆங்கிலத்தில் இப்படி மிஞ்சியிருக்கும் ஜோடிகள் கொஞ்சம்தான்: ‘லை – லே’ (கிட – கிடத்து), ‘ஃபால் – ஃபெல்’ (மரம் விழு – மரத்தை வீழ்த்து).

இரண்டாவது லத்தீன் ‘செக்டா’. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’டும் அதன் பிள்ளைதான். டீ செட், பாத்திர செட், கணக்கில் வரும் செட் எல்லாம் இந்த வழி. ஒலி ஒன்றானதால் இரண்டும் கலந்து ஒன்றின் பொருளை மற்றது இழுத்துக்கொண்டது. ஆனாலும் ஒரு ‘செட்’ எதிர்ப்படும்போது “இருத்துகிற செட்டா, கூட்டமான செட்டா?” என்று முதலில் கேட்டுப் பாருங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

கேள்வி: 430 பொருளையும் மனப்பாடம் செய்ய முடியுமா? வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: வழி சொன்னவர் தொல்காப்பியர். பல பொருள் ஒரு சொல்லை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு அவர் தரும் அடையாளம் மூன்று: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் காட்டும் சொல் ‘மா’. “மா பூத்தது” என்றால் மரம், பூப்பது என்ற வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. “மா வீழ்ந்தது” என்றால் மரமும் விழும், விலங்கும் விழும்; பக்கத்தில் என்ன இருக்கிறது, பேச்சு எதைப் பற்றியது என்று பார்த்தால்தான் தெரியும். (அந்த நூல் அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோட்டுப் பக்கத்து ஊர் என்பது மாவட்டத்தில் நெடுநாளாக வழங்கும் பேச்சு. ஆக, வழி உள்ளூர்ச் சரக்கு.)

‘செட்’டுக்கு இதை இப்படிப் பொருத்துங்கள். முதலில், பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா? இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள்: சூரியன் ‘செட்’ ஆனால் மறைவு, சிமென்ட் ‘செட்’ ஆனால் இறுகல், ஜெல்லி ‘செட்’ ஆனால் உறைதல். இருக்கிறதென்றால் அந்தப் பொருளைப் பாருங்கள்: மேசையை ‘செட்’ செய்தால் சாப்பாட்டுத் தட்டு பரப்புவது, அலாரம் என்றால் மணி குறிப்பது, பொறி என்றால் கண்ணி வைப்பது, வினாத்தாள் என்றால் கேள்வி தயாரிப்பது, கல் என்றால் மோதிரத்தில் பதிப்பது. மூன்றாவதாக, ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சொல்லைப் பாருங்கள். ‘அப், ஆஃப், இன், அவுட், அசைடு, பேக்’ இவற்றில் ஒன்று வந்துவிட்டால் ‘செட்’டைத் தனியாகப் பொருள் கொள்ளவே கூடாது, இரண்டும் சேர்ந்து ஒரு சொல்.

கேள்வி: சுற்றுலா வழிகாட்டிக் குறிப்பில் “சூரியன் மறைந்தது” என்பதற்கு ‘தி சன் செட்டட்’ என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். (வாசகர், கன்னியாகுமரி)

பதில்: தவறுதான். ‘செட்’ மூன்று காலத்திலும் உருவம் மாறாது: செட், செட், செட். ‘புட், கட், ஹிட், லெட், ஷட், காஸ்ட், ஹர்ட்’ எல்லாம் இதே சாதி. ‘தி சன் செட்’ என்றாலே இறந்தகாலம். நிகழ்காலத்தில் ‘தி சன் செட்ஸ்’. அந்தக் கடைசி ‘ஸ்’தான் காலம் காட்டுகிறது, அதை விழுங்கிவிட்டால் படிப்பவர் நேற்று மறைந்ததாக எடுத்துக்கொள்வார். ‘செட்டிங்’ எழுதும்போது ஆங்கிலத்தில் ‘டி’ இரண்டு. ஒன்று போட்டால் எழுத்துப் பிழை.

சூரியனுக்கு ‘செட்’ எப்படி வந்தது? போய் இடத்தில் அமர்வது என்ற கருத்து. “பொழுது அடைஞ்சாச்சு” என்கிறோமே, பறவை கூட்டில் அடைவது போல. அதற்கு மிக அருகே வரும் தமிழ்.

குறிப்பில் இன்னொன்றையும் திருத்துங்கள். ஆண்டு முழுவதும் கடலில் சூரியன் மறைவதைக் கரையிலிருந்து காணலாம் என்று எழுதினால் ஜூனில் வருபவர் சண்டைக்கு வருவார். நம் கரை கன்னியாகுமரியிலிருந்து முட்டம், குளச்சல் என்று வடமேற்காக ஏறுகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் நேர்மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 டிகிரி வடக்கே விலகி மறைவதால் நிலத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை என்று எழுதினால் பாதுகாப்பு. சித்ரா பௌர்ணமிக்கு மேற்கே சூரியன் ‘செட்’, கிழக்கே நிலா ‘ரைஸ்’. அந்த வாக்கியத்தில் இரண்டு சொல்லும் ஜோடியாக வரும்.

கேள்வி: வீட்டு வேலை நடக்கிறது. சிமென்டின் சோதனைத் தாளில் ‘இனிஷியல் செட்டிங் 30 நிமிடத்துக்குக் குறையாமல், ஃபைனல் செட்டிங் 600 நிமிடத்துக்கு மேற்படாமல்’ என்று இருக்கிறது. அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று அர்த்தமா? (வாசகர், அருமனை)

பதில்: இல்லை. இங்கே ‘செட்’ என்பது காய்வதே அல்ல. ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்கள் உண்டு, நாம் மூன்றையும் “காஞ்சிருச்சு” என்று சொல்லி வம்பில் மாட்டுகிறோம்.

‘டிரை’ என்றால் ஈரம் ஆவியாகிப் போவது, பெயின்ட், துணி. ‘செட்’ என்றால் குழைவு போய் இருந்த இடத்தில் இருந்துவிடுவது. ‘ஹார்டன்’ என்றால் பலம் ஏறுவது. சிமென்ட் தண்ணீரை இழந்து இறுகவில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீருக்கு அடியிலும் செட் ஆகும். அதனால்தான் செட் ஆன பிறகும் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். “காஞ்சிட்டுதே, இனி எதுக்குத் தண்ணி?” என்று விட்டுவிட்டால் வினை பாதியில் நின்று பூச்சு வெடிக்கும். இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நனைப்பு. சாம்பல் கலந்த வகைக்கும், வெயிலும் வறட்சியுமான இடத்துக்கும் 10 நாள். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்பு வகையே, ஆகவே 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த எண்கள். ஆய்வகத்தில் 40 மில்லிமீட்டர் உயர அச்சில் சிமென்ட் கூழை நிரப்பி, மெல்லிய ஊசியை விடுகிறார்கள். முதலில் அடிவரை இறங்கும். அடியிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும் நேரம் ‘இனிஷியல் செட்’. அதாவது குழைவு போகத் தொடங்கிவிட்டது. ஊசி முனை தடம் மட்டும் பதித்து, அதைச் சுற்றியுள்ள வளையம் தடம் பதிக்காத நேரம் ‘ஃபைனல் செட்’. 30 நிமிடம் என்பது கீழ்வரம்பு: அதற்கு முன் இறுகத் தொடங்கும் சிமென்ட் தேறாது. 600 நிமிடம் மேல்வரம்பு: 10 மணி நேரத்துக்கு மேல் இளகிக் கிடந்தாலும் தேறாது. உங்கள் மூட்டை அரை மணியில் இறுகும் என்ற வாக்கு அதில் இல்லை.

வேலையிடத்தில் இதன் பயன்: சாந்து விறைக்கத் தொடங்குமுன் கொத்தனார் எவ்வளவு பூச முடியுமோ அவ்வளவுக்கே கலவை குழைக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போய் வந்து, விறைத்த சாந்தில் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் பழைய குழைவு வந்த மாதிரித் தெரியும். வினையில் ஏற்கெனவே பிடித்த பிடிப்புகள் உடைந்துபோயிருக்கும். கூடுதல் தண்ணீர் பலத்தையும் குறைக்கும். சிமென்ட் ஆலையிலேயே சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைப்பதும் இந்த ‘செட்’டைத் தாமதிக்கத்தான். அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்டவுடனே கட்டிப்பட்டுவிடும்; ‘ஃபிளாஷ் செட்’ என்பது அதற்குப் பெயர்.

கேள்வி: அன்னாசிப்பழ ஜெல்லி செய்முறையில் ‘லெட் இட் செட்’ என்று வருகிறது. ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்தும் தண்ணீராகவே இருந்தது. (வாசகி, குலசேகரம்)

பதில்: ‘உறைய விடுங்கள்’ என்பதுதான் வாக்கியத்தின் பொருள். உறையாததற்குக் காரணம் மொழி அல்ல, பழம். ஜெல்லியில் இருந்தது ஜெலட்டின் என்றால் அது புரதம். வேகவைக்காத அன்னாசியில் (உங்கள் பக்கத்துக் கைதச்சக்கைதான்) புரதத்தை அறுக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. எத்தனை இரவு வைத்தாலும் உறையாது. பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். பழத்தைத் துண்டு போட்டுச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்துச் சேர்த்தால் அந்தச் சக்தி அழிந்துவிடும். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே வெந்தது, தொல்லை தராது.

அல்லது சைனா கிராஸுக்கு மாறுங்கள். கடற்பாசியிலிருந்து வருவது, புரதம் இல்லை, சைவம். ஒரு லிட்டர் பாலுக்கு 10 கிராம் போதும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, தனியாக நீரில் நார் ஒன்றும் தெரியாதபடி கொதிக்கக் கரைத்து, பிறகு சூடான பாலில் ஊற்ற வேண்டும். ஆறிய பாலில் ஊற்றினால் தொட்ட இடத்திலேயே திரித்திரியாக உறைந்துவிடும். அறை வெப்பத்திலேயே செட் ஆகும். ஃபிரிட்ஜ் குளிருக்குத்தான், உறைவதற்கு அல்ல. புளிப்புச் சாற்றை அதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பிடிப்புக் குறையும், அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.

இந்த இடத்தில் தமிழ்தான் பல பொருள் மொழி. பால் உறையும், ரத்தம் உறையும், நெய் உறையும், தண்ணீர் பனிக்கட்டியாக உறையும், ரப்பர் பாலும் உறையும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல். ரத்தத்துக்கு ‘கிளாட்’, தண்ணீருக்கு ‘ஃபிரீஸ்’, நெய்க்கு ‘சாலிடிஃபை’, ரப்பர் பாலுக்குத் தொழில் வழக்கில் ‘கோயாகுலேட்’. ரத்தம் ‘செட்’ ஆனது என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார். ரப்பர் ஷீட் அடிப்பவர்கள் “பால் செட் ஆகல” என்று சொன்னால் புரியும், ஆனால் அறிக்கையில் எழுதும்போது ‘கோயாகுலேட்’ போடுங்கள். அங்கே என்ன தவறுகிறது என்பதும் சைனா கிராஸ் கதை போலத்தான்: 4 லிட்டர் தட்டில் அரைக் கிலோ உலர் ரப்பர் வருமளவுக்குப் பாலில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, ஆசிடையும் தனியாகத் தண்ணீரில் கலந்த பிறகே ஊற்றிக் கிளற வேண்டும். கெட்டியான ஆசிட் விழுந்த இடம் முதலில் கட்டியாகும், மற்ற இடம் பாலாகவே நிற்கும். மேலே மிதக்கும் நுரையை வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி.

கேள்வி: தீர்ப்பு நகலில் ‘ஆர்டர் இஸ் செட் அசைடு’ என்று இருந்தது. “உத்தரவு ஒதுக்கி வைக்கப்பட்டது” என்று மொழிபெயர்த்தேன். கட்சிக்காரர், வழக்கு இன்னும் கிடப்பில் என்று நினைத்துவிட்டார். (வாசகர், பத்மநாபபுரம்)

பதில்: விலை கொடுக்க வைக்கும் தவறு இது. ‘செட் அசைடு’ வீட்டில் ஒரு பொருள், நீதிமன்றத்தில் வேறு பொருள். மாதம் 500 ரூபாயைச் ‘செட் அசைடு’ செய்தால் எடுத்து ஒதுக்கி வைப்பது, பிறகு பயன்படுத்துவீர்கள். மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்ற உத்தரவைச் ‘செட் அசைடு’ செய்தால் அது ரத்து. இனி உயிர் இல்லை.

அதைவிடப் பெரிய குழி ‘தள்ளுபடி’. உத்தரவைத் தள்ளிவிட்டார்கள் என்ற நினைப்பில் சிலர் இதற்குத் “தள்ளுபடி” என்று எழுதுகிறார்கள். நீதிமன்றத் தமிழில் தள்ளுபடி என்றால் ‘டிஸ்மிஸ்’, மனுவை ஏற்காமல் விடுவது. மேல்முறையீடு ‘டிஸ்மிஸ்’ ஆனால் பழைய உத்தரவு அப்படியே நிற்கும். மேல்முறையீடு ‘அலவ்’ ஆகி உத்தரவு ‘செட் அசைடு’ ஆனால் பழைய உத்தரவு போயிற்று. இரண்டும் நேர் எதிர். ‘ஸ்டே’ என்பது மூன்றாவது: உத்தரவு உயிரோடு இருக்கிறது, தற்காலிகமாக நிறுத்தம். உங்கள் “ஒதுக்கி வைக்கப்பட்டது” கட்சிக்காரர் காதில் ‘ஸ்டே’ மாதிரி விழுந்திருக்கிறது.

எதிர்த்தரப்பு வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானால் அதைச் ‘செட் அசைடு’ செய்யக் கோரும் மனு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 13-ஆம் விதியில் வருகிறது. காலக்கெடு 30 நாள். அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லையென்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். ‘ஒதுக்கி வைத்தார்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பவர் இழப்பது இந்த நாட்களைத்தான்.

அடுத்த பக்கத்திலேயே ‘செட் ஆஃப்’ வரும், அதுவும் வேறு. ஒருவருக்கொருவர் தர வேண்டியதைக் கழித்துக்கொள்வது. நீங்கள் எனக்கு 10,000 தர வேண்டும், நான் உங்களுக்கு 4,000 தர வேண்டும் என்றால் ‘செட் ஆஃப்’ போக 6,000. குற்ற வழக்கில், விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பதும் ‘செட் ஆஃப்’. வருமான வரியில் நட்டத்தை லாபத்தில் ஈடுகட்டுவதும் அதே. ஆனால் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தால் ‘செட் ஆஃப்’ என்பது பயணம் கிளம்புவது, வெடியைக் கொளுத்துவது, அலாரத்தை அலறவிடுவது. சார்பு பார்க்காமல் மொழிபெயர்த்தால் கைதி சிறையிலிருந்து பயணம் கிளம்பிவிடுவார்.

கேள்வி: வள்ளத்தில் வைத்த கருவியில் ‘செட் 120, டிரிஃப்ட் 1.5’ என்று காட்டுகிறது. எந்த ‘செட்’ இது? (வாசகர், குளச்சல்)

பதில்: கடலோடிகளுக்கு மட்டுமே உரிய ‘செட்’. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தத் திசையை நோக்கிப் போகிறது என்பது ‘செட்’. எவ்வளவு வேகம் என்பது ‘டிரிஃப்ட்’. 120 என்றால் வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக 120 டிகிரி, கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே.

இதில் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். காற்றுக்குப் பெயர் அது வரும் திசையால்: வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. வானிலை அறிக்கையும் ‘மேற்குக் காற்று’ என்றால் மேற்கிலிருந்து வருவதையே சொல்லும். நீரோட்டத்தின் ‘செட்’ அப்படி அல்ல, போகும் திசை. காற்றுக் கணக்கில் 120-ஐ வாசித்தால் நேர் எதிரே தேடுவீர்கள். 1.5 நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்). நான்கு மணி நேரம் மிதக்கவிட்ட வலை 11 கிலோமீட்டர் அந்தத் திசையில் போயிருக்கும். எதிர்த்திசையில் அதே தூரம் ஓடினால் வலைக்கும் உங்களுக்கும் இடையே 22 கிலோமீட்டர். டீசல் வீண்.

இன்னொரு எச்சரிக்கை. கருவி இந்த எண்ணை நேரடியாக அளப்பதில்லை. வள்ளம் தண்ணீரில் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது, ஜிபிஎஸ் கணக்கில் உண்மையில் எங்கே போகிறது என்ற இரண்டின் வித்தியாசத்தையே ‘செட்’, ‘டிரிஃப்ட்’ என்று காட்டுகிறது. அடியில் தண்ணீர் வேகம் அளக்கும் சிறு சக்கரமும் மின்திசைகாட்டியும் பொருத்தவில்லையென்றால், அல்லது அந்தச் சக்கரத்தில் பாசி அடைத்திருந்தால், எண்ணை நம்ப வேண்டாம். என்ஜினை நிறுத்தி வள்ளம் நீரோட்டத்தில் மிதந்து போவதைப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால் அதில் காற்றின் தள்ளலும் கலந்திருக்கும்.

‘செட் தி நெட்’ என்று வந்தால் வலை விடுவது, ‘செட் செயில்’ என்றால் பாய் விரித்துக் கிளம்புவது. இவை இரண்டும் இருத்துகிற செட்.

கேள்வி: மரம் அறுக்கும் வாளுக்கு ‘செட்’ வைப்பது என்கிறார்கள். கூர்மை தீட்டுவதா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அல்ல. தீட்டுவது அரத்தால். ‘செட்’ என்பது பற்களை ஒன்று விட்டு ஒன்று இடதும் வலதுமாகச் சற்றே வெளிப்பக்கம் சாய்ப்பது. அப்போதுதான் அறுபடும் வழி வாளின் தகட்டை விட அகலமாக இருக்கும், தகடு பிடிக்காமல் ஓடும். செட் குறைந்தால் வாள் மரத்தில் இறுகிச் சூடாகும். கூடினால் வழி அகலமாகி மரம் தூளாக வீணாகும், கோடு ஆடும், அறுத்த முகம் சொரசொரப்பாகும். பச்சை மரத்துக்கு அதிக செட், காய்ந்த கடின மரத்துக்குக் குறைவு. பச்சை ரப்பர் மரத்தில் பாலும் சேர்ந்து பல்லில் அப்பிக்கொள்வதால், காய்ந்த தேக்கு அறுத்த வாளை அப்படியே அதற்குப் போட்டால் நின்றுவிடும். வளைப்பது பல்லின் மேல் பாதியை மட்டும். அடியோடு வளைத்தால் வேர் கீறிப் பல் உடையும். முதலில் செட், பிறகு தீட்டல். மாற்றிச் செய்தால் தீட்டிய கூர் மழுங்கும்.

கேள்வி: ‘போன் செட்டர்’ என்பது கைபேசி பழுது பார்ப்பவரா? (வாசகர், திருவட்டாறு)

பதில்: எலும்பு முறிவு வைத்தியர். ‘செட் எ போன்’ என்றால் விலகிய எலும்பை அதன் இடத்தில் இருத்திக் கட்டுவது. வர்ம ஆசான்களின் மாவட்டத்தில் இந்த வாக்கியம் அடிக்கடி வேண்டியிருக்கும். தொலைபேசிக்கும் எலும்புக்கும் தமிழ் எழுத்தில் ஒரே ‘போன்’ ஆகிவிடுவது ஆங்கிலத்தின் குற்றமல்ல.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘செட்’ என்பதற்குக் ‘கணம்’ என்கிறார்கள். டீ செட் மாதிரித்தானே? (மாணவர், இரணியல்)

பதில்: பிறப்பு ஒன்று, சட்டம் வேறு. ஆறு ஒரே மாதிரிக் கோப்பை இருந்தால் டீ செட்டில் ஆறு. கணிதக் கணத்தில் ஒரே உறுப்பு எத்தனை முறை வந்தாலும் ஒன்றுதான், வரிசையும் முக்கியமில்லை. ‘பத்மநாபபுரம்’ என்ற சொல்லில் எட்டு எழுத்து. அதன் எழுத்துகளின் கணத்தில் ஏழு உறுப்பு, ஏனென்றால் ‘ப’ இரண்டு முறை வருகிறது. (‘பு’ வேறு எழுத்து, ‘ம’வும் ‘ம்’மும் வேறு வேறு.) தேர்வில் மதிப்பெண் போகிற இடம் இது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குத் ‘தொடை’ என்று பெயர், இணையத்தில் பார்த்தால் மிரள வேண்டாம்.

கேள்வி: ‘செட் தேர்வு’ எழுதுகிறேன். அது எந்த செட்? (வாசகி, கருங்கல்)

பதில்: எதுவுமல்ல. மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரிலுள்ள மூன்று முதலெழுத்து. அந்தத் தேர்வின் வினாத்தாள் ‘ஏ செட், பி செட்’ என்று வந்தால் அது கூட்டமான செட், அதைத் தயாரித்தவர் செய்தது இருத்துகிற செட்.

கேள்வி: வரைபட அனுமதிக்குப் போனால் ‘செட்பேக்’ விடவில்லை என்கிறார்கள். பின்னடைவு என்று அகராதி சொல்கிறதே? (வாசகர், தோவாளை)

பதில்: மனையின் எல்லைக்கும் கட்டடச் சுவருக்கும் இடையே விட வேண்டிய திறந்த இடம். முன், பின், பக்கம் மூன்றுக்கும் இதே பெயர், ‘பேக்’ என்பதைப் பார்த்துப் பின்பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள். அளவு எல்லையிலிருந்து எடுப்பது, சாலை விளிம்பிலிருந்து அல்ல. சேர்த்து எழுதினால் பெயர்ச்சொல், பேசும்போது அழுத்தம் முதல் அசையில். பிரித்து எழுதினால் வினை: ‘இட் செட் மீ பேக்’ என்று ஒரு தொகையோடு வந்தால் அவ்வளவு செலவு வைத்துவிட்டது என்று பொருள். ‘செட்டப்’, ‘செட் அப்’ என்பதும் இதே கணக்கு. மழைக்கு ‘செட் இன்’: தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ‘செட் இன்’ ஆகும் வழக்கமான நாள் ஜூன் 1. வந்தது என்பதோடு, வந்து நிலைத்தது என்பதும் அதில் உண்டு. அதனால் ஒருநாள் தூறலுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

கேள்வி: மைக் செட், பம்ப்செட், பல்செட், செட் தோசை... இவற்றை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: பம்ப்செட் மட்டும் இந்திய ஆங்கிலத்தில் நிற்கும். மற்றவை நம் வீட்டுப் பிள்ளைகள். பல்செட் ‘டென்ச்சர்’. கோயில் கொடைக்குக் கட்டும் மைக் செட் ‘சவுண்ட் சிஸ்டம்’. “எனக்கு செட் ஆகல” என்பதை அப்படியே சொன்னால் வெள்ளைக்காரருக்கு ஜெல்லி ஞாபகம் வரும். உடை, வேலை இரண்டுக்கும் ‘சூட்’ என்ற வினை, ஆளோடு ஒத்துப்போகவில்லையென்றால் ‘கெட் அலாங்’. “எல்லாம் செட்டிங்” என்றால் ‘ஃபிக்ஸ்டு’. ‘எங்க செட்டு’ என்று படித்த கூட்டாளிகளைச் சொல்வதற்கு ‘பேட்ச்’.

கேரளப் பெண்கள் உடுத்தும் செட்டு முண்டு ஒரு வேடிக்கை. முண்டும் நேரியதும் என இரண்டு துண்டு சேர்ந்தது, அதனால் செட்டு. அதே தோற்றத்தில் ஒரே துணியாக நெய்து ‘செட் சேலை’ என்று ஓணத்துக்கு விற்கிறார்கள். ஒன்றே ஒன்று எப்படி செட் ஆகும் என்று கடையில் கேட்காதீர்கள். இரண்டு துண்டுதான் வேண்டுமென்றால் ‘முண்டும் நேரியதும்’ என்றே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: “கட்டும் செட்டுமா குடும்பம் நடத்து” என்பார் பாட்டி. அந்தக் காலத்திலேயே ஆங்கிலமா? (வாசகி, பூதப்பாண்டி)

பதில்: பாட்டி பேசியது தமிழ்தான். செட்டு என்றால் சிக்கனம். செட்டான ஆள், செட்டாகச் செலவழித்தல் என்ற வழக்கில் இன்னும் இருக்கிறது. ஆங்கில ‘செட்’டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி மட்டும் ஒன்று.